களி தின்றவர்களுக்கும் வந்தது

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அந்தத் தன்னம்பிக்கைப் பேச்சாளர் பேசியதைப் பற்றி எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். ஆனால் அந்தக் காணொளியை இதுவரை பதினோரு பேர் எனக்கே அனுப்பிவிட்டார்கள், கைதட்டும் படங்களோடு.

"நம் பாட்டிகள் கேழ்வரகுக் களி தின்று காட்டில் வேலை செய்தார்கள். அவர்களுக்கு டிப்ரஷன் வந்ததா?"

வந்தது ஐயா. பெயர்தான் வேறு. எங்கள் பென்னாகரம் பக்கம் அதற்குக் 'காத்து கருப்பு' என்று பெயர்.

என் அத்தை இரண்டாவது பிள்ளை பெற்றபின் ஆறு மாதம் அதைத் தூக்கவில்லை. முறத்தை மடியில் வைத்துக்கொண்டு திண்ணையில் உட்கார்ந்திருப்பார். முறத்தில் ஒரு மணி கேழ்வரகு இருக்காது. வேப்பிலை அடித்தார்கள், தாயத்து கட்டினார்கள், 'சோம்பேறி' என்று பாட்டி வைதார். பிரசவத்துக்குப் பின் வரும் மனச்சோர்வுக்கு வைத்தியம் உண்டு என்று அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. அத்தை தின்றதும் களிதான், பீட்சா இல்லை.

என் கதையும் உங்களில் பலருக்குத் தெரியும். தொப்பூர் கணவாயில் பஸ் இறங்கும்போது நெஞ்சு அடைத்தது, விரல்கள் மரத்தன, செத்துவிடுவேன் என்றே நினைத்தேன். இசிஜி எடுத்துப் பார்த்து "ஒன்றும் இல்லை, வாயு" என்று அனுப்பினார்கள். இப்படி மூன்று முறை. நான்காவதாகப் பார்த்த மருத்துவர்தான் அது பேனிக் அட்டாக் என்றார். ஆபத்தே இல்லாத இடத்தில் உடம்பு அபாய மணியை அடித்துவிடுகிறதாம்; பெரும்பாலும் பத்து நிமிடத்துக்குள் உச்சத்துக்குப் போய், பிறகு தணிந்துவிடுமாம். அதைத் தெரிந்துகொண்டதே எனக்குப் பாதி மருந்து. இப்போது வந்தால் மூச்சை மெல்ல நீட்டி வெளியே விட்டபடி, முன் சீட்டுக் கம்பியில் உள்ள திருகாணிகளை எண்ணுவேன்.

"நடைப்பயிற்சி போதாதா?" என்பீர்கள். லேசான சோர்வுக்கு நடை உண்மையிலேயே உதவும், நானும் நடக்கிறேன். ஆனால் எழுந்து பல் துலக்கவே இரண்டு மணி நேரம் ஆகிறவரிடம் ஐந்து மணிக்கு எழுந்து ஓடு என்றால் அவர் ஓடமாட்டார். தன்னை இன்னும் கொஞ்சம் வெறுப்பார்.

"கவலை வந்தாலே டிப்ரஷனா?" இல்லை. மாங்காய் விலை சரிந்த வாரத்தில் போச்சம்பள்ளித் தோட்டக்காரர் தூங்காமல் கிடந்தால் அது கவலை. விலை ஏறிய பிறகும் தூக்கமில்லை, பசியில்லை, தோட்டத்துப் பக்கம் போகவே பிடிக்கவில்லை, இப்படியே இரண்டு வாரத்துக்கு மேல் ஓடுகிறது என்றால் மருத்துவரைப் பார்க்க வேண்டும். இதில் என்ன குழப்பம்?

கோயிலுக்குப் போகச் சொல்கிறவர்களுக்கு: போகிறேன். தேய்பிறை அஷ்டமிக்கு அதியமான்கோட்டை காலபைரவர் கோயிலில் சாம்பல் பூசணி விளக்கு ஏற்றுகிறேன். மருத்துவர் இதற்குத் தந்த மாத்திரையை பைரவர் இதுவரை நிறுத்தச் சொன்னதில்லை. சொன்னவர்கள் உறவினர்கள்தான். அவர்கள் பேச்சைக் கேட்டு நானாக நிறுத்திவிட்டுத் தலைசுற்றிக் கிடந்த வாரத்தில் ஒருவரும் எட்டிப் பார்க்கவில்லை. இந்த மாத்திரைகள் வேலை செய்யத் தொடங்கவே சில வாரங்கள் ஆகும், நிறுத்துவதாக இருந்தாலும் மருத்துவர் சொல்லித்தான் குறைத்து நிறுத்த வேண்டும். இதைச் சொல்ல ஒரு மேடை கிடைக்காது.

2017ஆம் ஆண்டின் மனநலச் சட்டம் உடல்நோய்க்கு நிகராக மனநோய்க்கும் காப்பீடு தரச் சொல்கிறது. அரசே 2022இல் 14416 என்ற மனநல உதவி எண்ணைத் தொடங்கியது. காசில்லாமல் தமிழில் பேசலாம். அரசாங்கத்துக்கே தெரிந்துவிட்டது, மேடைக்காரருக்கு இன்னும் எல்லாம் வாயுதான்.

எங்கள் வீட்டில் என் மாத்திரை அட்டை கேழ்வரகு மாவு டப்பாவுக்குள், செய்தித்தாளில் சுற்றியபடி இருக்கிறது. விருந்தாளிகள் கண்ணில் படக்கூடாது என்று அம்மா தேர்ந்தெடுத்த இடம். மீறிக் கேட்டால், சத்து மாத்திரை.

மண்டபத்தில் அம்மா என் பக்கத்து நாற்காலியில்தான் இருந்தார். களி வசனம் வந்தபோது எல்லோரோடும் சேர்ந்து கைதட்டினார். பிறகு என் பக்கம் திரும்பியவர், கைகளை முந்தானைக்குள் இழுத்துக்கொண்டார். அன்று இரவு மாத்திரையை எடுத்துத் தரும்போது, "இன்னும் எத்தனை மாதத்துக்கு?" என்று மட்டும் கேட்டார்.