ஆச்சியும் அரைக் கிலோ கேஸும்

காரைக்குடியிலிருந்து தேவகோட்டைக்குப் போகும் சாலையோரம், வேப்பமரத்தடியில் ஒரு கார் ஏசி பட்டறை. சித்திரை மாதம், பகல் பதினொரு மணி. என் ஸ்கூட்டருக்குப் பக்கத்துக் கடையில் பஞ்சர் ஒட்டிக்கொண்டிருந்தார்கள். நிழல் இங்கே இருந்ததால் நானும் இங்கே இருந்தேன்.

பள்ளத்தூரிலிருந்து ஒரு வெள்ளைக் கார் வந்து நின்றது. நான்கு கண்ணாடியும் இறங்கியிருந்தன. பின் இருக்கையில் ஆச்சி, கையில் பனையோலை விசிறி. டிரைவர் சாவியை நீட்டிவிட்டு டீக்கடைப் பக்கம் நழுவினார். அனுபவசாலி.

ஆச்சி: ஏப்பா, கேஸ் போட வேண்டும். எவ்வளவு?

மெக்கானிக்: வாங்க ஆச்சி, உட்காருங்க. முதலில் பார்த்துவிடுகிறேன்.

ஆச்சி: பார்க்க என்ன இருக்கிறது? போன சித்திரையில் போட்டேன், அதற்கு முந்தின சித்திரையிலும் போட்டேன். வெயில் வந்தால் வெள்ளரிப்பிஞ்சு, கூடவே கேஸ். அது கிடக்கட்டும், பெஞ்சில் என்ன தூக்கு?

மெக்கானிக்: மத்தியானச் சாப்பாடு ஆச்சி. புளிச்சோறு.

ஆச்சி: அலுமினியத் தூக்கில் புளிச்சோறா! உனக்குச் சொல்லித்தர வீட்டில் பெரியவர்கள் இல்லையா? புளிப்பு அலுமினியத்தைத் தின்றுவிடும். எங்கள் வீட்டில் புளிக்குழம்பு மண்சட்டியை விட்டு இறங்காது.

மெக்கானிக்: சரி ஆச்சி, நாளையிலிருந்து எவர்சில்வர். இப்போது ஏசியைப் போட்டுப் பார்க்கலாமா?

(போட்டார். காற்று வந்தது. அடுப்படியிலிருந்து வருகிற காற்று.)

மெக்கானிக்: கம்ப்ரஸர் கிளட்ச் இழுக்கவே இல்லை. கேஸ் ரொம்பக் குறைந்தால் பிரஷர் சுவிட்ச் அதை ஓட விடாது. ஆச்சி, ஒன்று கேட்கிறேன். போட்ட கேஸ் எங்கே போனது?

ஆச்சி: இது என்ன கேள்வி? பெட்ரோல் எங்கே போகிறது? ஓடினால் தீர்ந்துபோகும்.

மெக்கானிக்: பெட்ரோல் எரிகிறது. இது எரியாது ஆச்சி. கம்ப்ரஸர் அமுக்கி அனுப்பும். முன்னால் ரேடியேட்டரை ஒட்டி இருக்கிற கண்டன்சரில் சூட்டைக் கொட்டிவிட்டுத் திரவமாகும். ஒரு சின்ன வால்வு வழியாக டேஷ்போர்டுக்குள் இருக்கிற கூலிங் காயிலுக்குப் போய்க் கொதித்து, திரும்பக் கம்ப்ரஸருக்கே வரும். சுற்றிக்கொண்டே இருக்கும். செலவாகவே ஆகாது.

ஆச்சி: கொதிக்குமா? நான் குளிரக் கேட்டால் நீ கொதிக்க வைக்கிறாயா?

மெக்கானிக்: கொதித்தால்தான் குளிரும். ஊசி போடுவதற்கு முன்னால் நர்ஸ் கையில் ஸ்பிரிட் தடவுவார், ஜில்லென்று இருக்குமில்லையா? ஆவியாகும்போது உங்கள் கைச்சூட்டை எடுத்துக்கொண்டு போகிறது. இந்த 134ஏ கேஸ் வெளியே திறந்து வைத்தால் மைனஸ் 26 டிகிரியிலேயே கொதித்துவிடும்.

ஆச்சி: அடுப்பே இல்லாமலா?

மெக்கானிக்: காருக்குள் இருக்கிற சூடுதான் அடுப்பு. அதைத் தின்றுதான் கொதிக்கிறது, அதனால்தான் நமக்குக் குளிருகிறது.

(ஆச்சி விசிறியை நிறுத்தினார். அந்த வெயிலில் அவர் விசிறியை நிறுத்தியது இரண்டே தடவைதான். இது முதல் தடவை.)

ஆச்சி: இரு, இரு. அப்படியென்றால் கேஸ் அசல். குளிர் வட்டி. வட்டியைத்தான் தின்கிறோம், அசல் அப்படியே இருக்க வேண்டும்.

மெக்கானிக்: ஆச்சி, பன்னிரண்டு வருஷமாக இதை எல்லோருக்கும் சொல்கிறேன். இவ்வளவு சுருக்கமாக எனக்கே வந்ததில்லை.

ஆச்சி: அசல் குறைந்திருக்கிறது என்றால் எவனோ எடுத்திருக்கிறான். இரண்டு வருஷமாக ஐந்தொகை போடாமல் பணம் கொட்டியிருக்கிறேனே! எங்கள் ஐயா பர்மாவிலிருந்து இதைப் பார்த்திருந்தால் அங்கேயே இருந்திருப்பார். யார் எடுத்தது? டிரைவரா?

மெக்கானிக்: டிரைவர் இல்லை ஆச்சி, ஓட்டை. குழாயில் எங்கோ கசிகிறது. ஓட்டையை விட்டுவிட்டு மேலே மேலே கேஸ் போடுவது பொத்தல் குடத்தில் தண்ணீர் மொள்கிற கதைதான்.

ஆச்சி: கசிந்தால் வாடை வராதா? வீட்டு சிலிண்டர் கசிந்தால் மூக்கைத் துளைக்கிறதே.

மெக்கானிக்: அந்த வாடை, கசிந்தால் நமக்குத் தெரியட்டும் என்று கம்பெனியில் கலந்து விடுவது. இதில் வாடையும் இல்லை, நிறமும் இல்லை.

ஆச்சி: வாடையில்லாத திருடன். சரி, பிடி.

(மெக்கானிக் நீலம், சிவப்பு என்று இரண்டு முள் வைத்த மீட்டரை மாட்டினார்.)

ஆச்சி: எனக்கு டாக்டர் பார்ப்பது மாதிரியே பார்க்கிறாய். மேலே எவ்வளவு, கீழே எவ்வளவு?

மெக்கானிக்: இன்ஜின் நிற்கும்போது இரண்டும் ஒன்றாகத்தான் நிற்கும். இந்த வெயிலுக்கு நூறைத் தாண்ட வேண்டும். இருபதுதான் காட்டுகிறது.

ஆச்சி: எனக்கு இருபது காட்டினால் பிள்ளைகளுக்குத் தந்தி அடிக்க வேண்டியதுதான்.

மெக்கானிக்: மிச்சக் கேஸை மெஷினில் இழுத்துவிட்டு நைட்ரஜன் ஏற்றிப் பார்க்கிறேன். அதற்கு முந்நூறு ரூபாய்.

ஆச்சி: நைட்ரஜனா? காற்றில் முக்கால் பங்குக்கு மேல் அதுதான் என்று பேரன் சத்தம்போட்டுப் படித்தான். சும்மா கிடக்கிறதை எனக்கே விற்கிறாயா?

மெக்கானிக்: வெறும் காற்றில் ஈரம் இருக்கும் ஆச்சி. ஈரம் உள்ளே போனால் அந்தச் சின்ன வால்வில் பனிக்கட்டியாக உறைந்து அடைத்துக்கொள்ளும். ஆயிலோடு சேர்ந்து அமிலமாகி உள்ளேயே அரிக்கும்.

ஆச்சி: சரி. ஈரமில்லாத காற்றுக்கு நூற்றைம்பது.

(இருநூறில் நின்றது. நைட்ரஜன் ஏறியது. சோப்பு நுரையைக் கரைத்துக்கொண்டு ஒவ்வொரு இணைப்பாகத் தடவினார் மெக்கானிக். கேஸ் ஏற்றும் வால்வில் குமிழி இல்லை, ஹோஸ் முனைகளில் இல்லை, கம்ப்ரஸர் முகப்பிலும் இல்லை. இடையில் கேபின் ஃபில்டரை வேறு உருவினார். காய்ந்த வேப்பம்பூ கொட்டியது. “கீழே சிந்தாதே, ரசம் வைக்கலாம்” என்றார் ஆச்சி. விளையாட்டுக்குச் சொன்னாரா என்று எனக்கு இன்றுவரை தெரியாது.)

ஆச்சி: எங்கள் வீட்டுக்கு ஏசியும் கிடையாது, நுரையும் கிடையாது. முட்டை வெள்ளைக்கரு போட்டுப் பூசின சுவர், நடுவில் முற்றம். சூட்டுக்காற்று மேலே போய்விடும், வளவில் படுத்தால் முதுகு ஜில்லென்று இருக்கும்.

மெக்கானிக்: காருக்கு நடுவில் முற்றம் வைத்தால் ஆர்டிஓ விடமாட்டார் ஆச்சி. இருங்கள்... இதோ, கண்டன்சர் மேல் ஒரு இடத்தில் மட்டும் எண்ணெய்ப் பிசுக்கு, அதில் புழுதி ஒட்டியிருக்கிறது. கேஸ் கசிந்தால் கூடவே கொஞ்சம் ஆயிலும் வரும். திருடன் கால்தடம்.

(நுரை வைத்தார். பொரிகிற பணியாரம் மாதிரிக் குமிழிகள் எழுந்தன.)

ஆச்சி: பிடித்துவிட்டாயா! எவன் செய்தது? கல் அடித்ததா? எதிர்வீட்டுக்காரன் ரிவர்ஸ் எடுக்கும்போதே நினைத்தேன்.

மெக்கானிக்: கல் பட்டால் கண்டன்சரின் மெல்லிய தகடுகள் நசுங்கும். இது வெள்ளையாகப் பூத்து அரித்திருக்கிறது. மேலே ஏதோ கம்பி குத்திக்கொண்டு நிற்கிறது. செம்புக்கம்பி. கிரில்லுக்கு வெளியே... ஆச்சி, இந்த எலுமிச்சம்பழத்தை யார் கட்டியது?

(விசிறி நின்றது. இரண்டாம் தடவை.)

ஆச்சி: எந்த எலுமிச்சம்பழம்?

மெக்கானிக்: திருஷ்டிக்கு, மிளகாயோடு கோத்தது. கிரில்லோடு இறுக்கிக் கட்டி, மிச்சக் கம்பியை உள்ளே தள்ளி விட்டிருக்கிறார்கள்.

ஆச்சி: வெளியே நீட்டிக்கொண்டிருந்தால் பார்க்க நன்றாகவா இருக்கும்? மோட்டார் காயில் கட்டும்போது மிஞ்சின கம்பி. வீணாக்கக் கூடாது என்று... யார் கட்டினார்களோ, அவர்கள் நினைத்திருப்பார்கள்.

மெக்கானிக்: அமாவாசைக்கு அமாவாசை புதுப்பழமா?

ஆச்சி: ஒரு அமாவாசையும் விட்டதில்லை.

மெக்கானிக்: கார் வேகமாகப் போகும்போது பழச்சாறு காற்றில் தெறித்து உள்ளே படும். கண்டன்சர் அலுமினியம், கம்பி செம்பு, நடுவில் புளிப்பு. இரண்டு உலோகமும் ஒரு புளிப்பும் சேர்ந்தால் அது பேட்டரி ஆச்சி. அதில் கரைவது அலுமினியம்தான். உலோகம் எப்படி அரிக்கிறது என்று ஆராயவும்தான் நம் ஊரில் சிக்ரி, அதாவது மத்திய மின்வேதியியல் ஆராய்ச்சி நிலையம், இருக்கிறது. 1948-ல் நேரு வந்து அடிக்கல் நாட்டினார். அங்கே கண்ணாடிக் குடுவையில் செய்கிற சோதனையை நீங்கள் பம்பரில் செய்திருக்கிறீர்கள்.

ஆச்சி: புளிப்பு அலுமினியத்தைத் தின்னும் என்று யாராவது முன்னாலேயே சொல்லியிருக்கலாம்.

மெக்கானிக்: (தூக்கைப் பார்த்தபடி) ஆமாம் ஆச்சி. யாராவது சொல்லியிருக்கலாம்.

(கொஞ்ச நேரம் வேப்பமரத்துக் காக்கை மட்டும் பேசியது.)

ஆச்சி: சரி, ஒரு பற்று வைத்து அடைத்துவிடு. ஈயம் பூசுகிறவர் அண்டாவுக்கே வைப்பார்.

மெக்கானிக்: டயரில் முப்பது பவுண்டு காற்று இருக்கும். ஏசி ஓடும்போது இதற்குள் இருநூறைத் தாண்டும். பற்று பறந்துவிடும். கண்டன்சரை மாற்ற வேண்டும். உங்கள் வண்டிக்கு, ஈரத்தை உறிஞ்சுகிற டிரையர் அதிலேயே சேர்ந்து வரும். மதுரையிலிருந்து சாயங்காலம் பஸ்ஸில் வந்துவிடும், நாளை முடித்துவிடலாம்.

மறுநாளும் நான் அங்கே இருந்தேன். பஞ்சர் ஒட்டினவர் டியூபே போய்விட்டது என்றார், அது வேறு கதை. புதுக் கண்டன்சர் மாட்டியாகிவிட்டது. ஒரு பம்ப் தடதடவென்று ஓடிக்கொண்டிருந்தது.

ஆச்சி: இது என்ன போடுகிறது?

மெக்கானிக்: போடவில்லை ஆச்சி, எடுக்கிறது. வேக்கம். உள்ளே இருக்கிற காற்றையும் ஈரத்தையும் உறிஞ்சி வெற்றிடமாக்க வேண்டும். அரை மணி நேரமாவது ஓட வேண்டும். ஐந்நூறு.

ஆச்சி: உள்ளே என்ன இருக்கும், முடிந்த பிறகு?

மெக்கானிக்: ஒன்றும் இருக்காது.

ஆச்சி: ஒன்றுமில்லாததற்கு ஐந்நூறா! நேற்றாவது காற்றை விற்றாய். இன்றைக்கு அதுவும் இல்லை.

மெக்கானிக்: ஒன்றுமில்லாமல் ஆக்குவதுதான் ஆச்சி கஷ்டமான வேலை.

ஆச்சி: அந்த வேலையை என் தம்பி மகன் இரண்டே வருஷத்தில் செய்தான், பம்ப் இல்லாமலே.

(முள் அசையாமல் நிற்கிறதா என்று பார்த்துவிட்டு, பானெட் அடியில் இருக்கிற ஸ்டிக்கரை மெக்கானிக் படித்தார். கேஸ் சிலிண்டரைத் தராசில் ஏற்றினார். தராசைக் கண்டதும் ஆச்சிக்கு முகம் மலர்ந்தது.)

மெக்கானிக்: அரைக் கிலோவுக்கும் கொஞ்சம் குறைவு. ஸ்டிக்கரில் என்ன போட்டிருக்கிறதோ அவ்வளவுதான்.

ஆச்சி: கொசுறாக ஐம்பது கிராம் போடு.

மெக்கானிக்: கூடினாலும் குளிராது ஆச்சி. பிரஷர் ஏறிக் கம்ப்ரஸர் திணறும்.

ஆச்சி: கொசுறு ஆகாத வியாபாரத்தை இப்போதுதான் பார்க்கிறேன்.

(ஏசி ஓடியது. கிளட்ச் ‘டக்’கென்று இழுத்தது. காற்று வரும் வாயில் செருகிய தெர்மாமீட்டர் இறங்கி இறங்கி 9-ல் நின்றது. காருக்கு அடியில் தண்ணீர் சொட்டியதைப் பார்த்து “மறுபடியும் ஓட்டை!” என்றார் ஆச்சி. காற்றில் இருந்த ஈரம் கூலிங் காயிலில் பட்டு வியர்த்து வடிகிறது, வடிந்தால்தான் நல்லது என்று விளக்கினார் மெக்கானிக். பிறகு பில். அந்தக் கால் மணி நேரத்தை நான் எழுதப்போவதில்லை.)

மெக்கானிக்: ஆச்சி, இருநூறு குறைகிறதே.

ஆச்சி: குறையவில்லை. அதற்குப் பதிலாக உனக்கு வேறு செய்கிறேன். இவ்வளவு கைவேலை தெரிந்தவனுக்கு ஊர்க்கண் பொல்லாதது. அந்தக் கம்பியை எங்கே போட்டாய்?

(மெக்கானிக் பதில் சொல்வதற்குள் குப்பைக்கூடையிலிருந்து கம்பி வந்துவிட்டது. மடியிலிருந்து ஒரு புது எலுமிச்சம்பழமும் வந்தது. ஆச்சி பட்டறை வாசலுக்கு நடந்தார், எட்டினார், முறுக்கினார்.)

மெக்கானிக்: ஆச்சி! அந்தக் கதவு அலுமினியம்!