அடுப்படியிலிருந்து கேட்ட படம்

போன ஞாயிறு மத்தியானம் அடுப்படியில் குழம்புக்குத் தாளித்துக்கொண்டிருந்தேன். கூடத்தில் மகள் பழைய பக்ஸ் பன்னி கார்ட்டூன் படம் போட்டிருந்தாள். நான் நின்ற இடத்திலிருந்து டிவி தெரியாது. ஆனால் யாரோ பூனை மாதிரி பதுங்கி வருவது, நிற்பது, திரும்பிப் பார்ப்பது, விழுந்தடித்து ஓடுவது எல்லாம் தெரிந்தது. வசனம் ஒரு வரிகூட இல்லை. எல்லாவற்றையும் சொன்னது இசைதான்.

"கார்ட்டூன் மியூசிக் மாதிரி இருக்கு" என்று ஒரு பாட்டை யாராவது மட்டம் தட்டும்போதெல்லாம் எனக்குக் கோபம் வரும். அந்தக் கோபத்துக்குக் காரணமானவர், பழைய பக்ஸ் பன்னி படங்களுக்கு இசையமைத்த கார்ல் ஸ்டாலிங்.

1891இல் அமெரிக்காவின் மிசௌரி மாநிலத்தில் லெக்ஸிங்டன் என்ற ஊரில் பிறந்தார். 12 வயதிலேயே ஊர்க் கொட்டகையில் ஊமைப்படங்களுக்குப் பியானோ வாசித்தார். 1920களில் கேன்சஸ் சிட்டியின் ஐசிஸ் தியேட்டரில் ஆர்கன். கண் திரையில் இருக்கும், கை கட்டையில் இருக்கும். நாயகி அழுதால் கூடவே அழ வேண்டும். அடுத்த நொடி குதிரை வந்தால் அதோடு ஓட வேண்டும். பிற்பாடு அவர் எழுதிய அத்தனையும் அந்தக் கொட்டகை இருட்டில் கற்றதுதான் என்று நினைக்கிறேன்.

வால்ட் டிஸ்னியோடு பழக்கம் ஏற்பட்டதும் அந்த ஊரில்தான். 1928இல் மிக்கி மௌஸின் ஆரம்பப் படங்கள் இரண்டுக்கு இசையமைத்தார். படத்துக்கு இசை பணிய வேண்டுமா, இசைக்குப் படம் பணிய வேண்டுமா என்று இருவருக்கும் வாக்குவாதம். மிக்கி படங்களில் இசை பின்னால் வரட்டும், தனியாக ஒரு வரிசை தொடங்கி அதில் இசை முன்னால் போகட்டும் என்று முடிவானது. அந்த வரிசையின் முதல் படம்தான் 1929இல் வந்த எலும்புக்கூடுகளின் நடனம். யோசனை ஸ்டாலிங்குடையது. சின்ன வயதில் பத்திரிகை விளம்பரம் பார்த்து, அப்பாவிடம் கால் டாலர் வாங்கி அனுப்பி, ஆடும் எலும்புக்கூடு பொம்மை ஒன்றை வரவழைத்தாராம். வந்தது கயிற்றில் தொங்கும் அட்டைப் பொம்மை. அந்த ஆசைதான் முப்பது வருஷம் கழித்துத் திரையில் ஆடியது.

1930இல் டிஸ்னியை விட்டு விலகினார். 1936இல், பக்ஸ் பன்னி படங்களை எடுத்த வார்னர் கம்பெனியின் கார்ட்டூன்களுக்கு வந்தார். அங்கே 22 வருஷம், 600க்கும் மேற்பட்ட படங்கள். கிட்டத்தட்ட இரண்டு வாரத்துக்கு ஒரு முழுப் படத்தின் இசை! சுமார் 50 பேர் கொண்ட ஆர்கெஸ்ட்ரா. அவர் எழுதியதை வாத்தியங்களுக்குப் பிரித்துக் கொடுத்தவர் மில்ட் ஃப்ராங்க்ளின். கணக்கு ரொம்பக் கறார். படம் விநாடிக்கு 24 ஃப்ரேம் ஓடும். ஒரு காலடிக்கு எட்டு ஃப்ரேம் என்று இயக்குநர் தாளில் குறித்திருந்தால், விநாடிக்கு மூன்று தட்டு. அந்தத் தட்டை வாத்தியக்காரர்கள் காதில் கேட்டுக்கொண்டே வாசிப்பார்கள். அந்த முறையை ஆரம்பத்திலேயே கையாண்டவர்களில் இவரும் ஒருவர்.

அங்கே இயக்குநராக இருந்த சக் ஜோன்ஸுக்கு இவர்மேல் ஒரு குறை இருந்தது. திரையில் சிவப்பு உடைக்காரி வந்தால் சிவப்பு உடைப் பெண்ணைப் பற்றிய பழைய பாட்டின் மெட்டைப் போட்டுவிடுவார். பாட்டு தெரியாதவனுக்கு என்ன புரியும்? நியாயமான கேள்விதான். ஆனால் அதற்குப் பதில் நாம்தான். 90களில் கார்ட்டூன் நெட்வொர்க் பார்த்து வளர்ந்த எனக்கு அந்த அமெரிக்கப் பாட்டுகளில் ஒன்றுகூடத் தெரியாது. இருந்தும் ஒரு இடமும் விட்டுப்போகவில்லை. மெட்டை எங்கிருந்து வேண்டுமானாலும் எடுத்திருக்கட்டும். இயந்திரம் ஓடும் காட்சிகளில் வரும் அந்தப் புகழ்பெற்ற மெட்டே ரேமண்ட் ஸ்காட் என்ற வேறொரு இசையமைப்பாளருடையது. ஆனால் அதை எந்த ஃப்ரேமில் அறுத்து, எதன் தலையில் ஒட்டுவது என்பதற்கு ஒரு காது வேண்டும். அதை நான் இசையமைப்பு என்றுதான் சொல்வேன்.

1958இல் ஓய்வு பெற்று 1972இல் காலமானார். அதற்கு 18 வருஷம் கழித்து, 1990இல்தான், அவருடைய வார்னர் இசை தனித் தொகுப்பாக வெளிவந்தது.

அன்றைக்குச் சாப்பிட்டபின் அதிலிருந்து ஒரு துண்டைப் போட்டு, "என்ன நடக்குதுன்னு சொல்லு பாப்போம்" என்று மகளிடம் கேட்டேன். கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

"யாரோ மாடிப்படி ஏறுறாங்கப்பா... மெதுவா... ஐயோ, மேல யாரோ இருக்காங்க!"