வேர்ச்செடியையும் கேளுங்கள்

நாசிக் பக்கம் ஒயினுக்கு ஷிராஸ் ரகத் திராட்சை நடலாம் என்று சொல்லும் கட்டுரை, ரகத்தோடு நின்றுவிட்டது. தோட்டத்தில் பணம் போடுகிறவர் முதலில் கேட்க வேண்டியது, எந்த வேர்ச்செடியில், அதாவது மண்ணில் வேர்விடும் அடிச்செடியில், ஒட்டுக் கட்டினார்கள் என்பதைத்தான். டாக்ரிட்ஜ் என்ற வேர்ச்செடி வறட்சியையும் உப்பையும் தாங்கும். சாப்பிடும் திராட்சைக்கு அருமை. ஆனால் மண்ணிலுள்ள பொட்டாசியத்தை அள்ளிப் பழத்தில் ஏற்றிவிடும். அது டார்டாரிக் அமிலத்தோடு சேர்ந்து படிகமாக ஒயின் தொட்டியின் அடியில் இறங்க, புளிப்பு குறைந்து, அமிலத்தன்மையைக் காட்டும் பிஎச் அளவு ஏறும். 3.8-ஐத் தாண்டினால் ஒயின் கெடாமலிருக்கச் சேர்க்கும் கந்தக மருந்து சரியாக வேலை செய்யாது, நிறமும் மங்கும். ஒயினுக்கு 110ஆர் என்ற வேர்ச்செடி எவ்வளவோ மேல்.

இன்னொன்று, பழத்தின் சர்க்கரையைக் காட்டும் பிரிக்ஸ் அளவு 23 வந்துவிட்டது என்று உடனே குலைகளை வெட்டாதீர்கள். வெயில் பக்கம், நிழல் பக்கம் இரண்டிலும் பல கொடிகளிலிருந்து நூறு பழம் பறித்து, ஒன்றாகப் பிழிந்து பிஎச் பாருங்கள். விதையையும் கடித்துப் பாருங்கள். பச்சையாக இருந்தால் ஒயினில் துவர்ப்பு நாக்கைச் சுரண்டும்.