நிறம் பாதிக் காரணம்தான்
இரத்தச் சிவப்பாக இருப்பதால்தான் வயல் பாப்பி என்ற காட்டுப் பூ போரில் இறந்தவர்களின் நினைவுச் சின்னமானது என்கிறது அதைப் பற்றிய ஒரு கட்டுரை. நிறம் பாதிதான். இதன் விதை பல பத்தாண்டுகள் மண்ணுக்குள் உறங்கும். மண் புரண்டு வெளிச்சம் பட்டால் முளைக்கும். முதல் உலகப் போரில் பெல்ஜியத்தின் பிளாண்டர்ஸ் பகுதி வயல்களைக் குண்டுகள் உழுது போட்டன, அப்புறம் புதைகுழிகள் வேறு. பூக்காமல் என்ன செய்யும்? இங்கிலாந்தில் எங்கள் வீட்டு வேலிக்குக் கம்பம் நடக் கிளறிய இடத்தில், விதைக்காமலே அடுத்த ஜூனில் நான்கு செடிகள். தலை கவிழ்ந்த ரோம மொட்டு விரிந்தால் இதழ்கள் கசங்கிய பட்டுத்துணி மாதிரி; ஓரிரு நாளில் உதிர்ந்துவிடும். கட்டுரைக்குக் கருத்து எழுதிய ஒருவர், இதை நாற்றாகப் பிடுங்கி வேறிடத்தில் நடலாம் என்கிறார். ஆணிவேர்ச் செடி, தாங்காது. நான் இடம் மாற்றிய இரண்டும் வாடிப்போயின.