காசு வாங்காத கன்சல்டன்ட்

ப்ளஸ் டூ ரிசல்ட் வந்த மூன்றாம் நாள். நீடாமங்கலம் பக்கத்தில் இருக்கும் அக்கா வீட்டுத் திண்ணையில், மடியில் வழவழத் தாளில் நாலைந்து கல்லூரிப் புத்தகங்களோடு ஒருவர் உட்கார்ந்திருந்தார். "ஃபீஸ் ஒரு பைசா வேணாம்மா. ஒரிஜினல் டிசியும் மார்க் ஷீட்டும் மட்டும் கொடுங்க, எஞ்சினியரிங் சீட்டு என் பொறுப்பு" என்றார். குறுவைக்கு நகையை அடகு வைக்கிற நேரத்தில் காசு வேண்டாம் என்று ஒருவர் சொன்னால் யாருக்குத்தான் இனிக்காது? அத்தான் பீரோவைத் திறக்கப் போய்விட்டார். நான்தான் தடுத்தேன்.

நான் பட்டவன். ஆறு வருஷத்துக்கு முன்னால் என் பையனை இப்படித்தான் ஒருவர் மேனேஜ்மென்ட் கோட்டாவில் சேர்த்துவிட்டார். எங்கள் வீட்டில் அவன்தான் முதல் பட்டதாரி. அரசு நடத்துகிற கவுன்சலிங் வழியாகப் போயிருந்தால் கட்டணச் சலுகை உண்டு, மேனேஜ்மென்ட் சீட்டுக்குக் கிடையாது. சேர்ந்த பிறகுதான் தெரிந்தது. நம்மிடம் வாங்காதவர் கல்லூரியிடம் தலைக்கு இவ்வளவு என்று வாங்கிக்கொள்கிறார். அப்புறம் அவர் யாருக்கு வேலை பார்ப்பார்?

அக்கா மகள் ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளி. அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்கான 7.5 சதவீத ஒதுக்கீட்டில் இடம் கிடைத்தால் கல்விக் கட்டணமும் விடுதிக் கட்டணமும் அரசே கட்டும். திண்ணைக்காரர் அதைப் பற்றி வாயே திறக்கவில்லை. நானே கேட்டதும், "அதெல்லாம் நிச்சயமில்ல சார்" என்று புத்தகத்தைப் புரட்டினார்.

மறுநாள் பள்ளிக்குப் போனோம். வழிகாட்டி ஆசிரியர் பழைய காலண்டர் தாளின் பின்பக்கம் எழுதிக் காட்டினார்: கணக்கு 92 அப்படியே, இயற்பியல் 84-இல் பாதி, வேதியியல் 88-இல் பாதி, கட் ஆஃப் 178. பக்கத்திலேயே போன வருஷம் எந்தக் கல்லூரியில் இடம் எந்தக் கட் ஆஃபோடு முடிந்தது என்று ஒரு வரிசை. "கவுன்சலிங் விருப்பப் பட்டியல்ல எத்தனை கல்லூரி வேணாலும் போடலாம்மா. கிடைக்குமோன்னு யோசிக்காத, பிடிச்சதை மேல போடு. பாஸ்வேர்டை யாருக்கும் சொல்லாத, மாமாவுக்கும்தான்." என்னைப் பார்த்துச் சிரித்தார்.

சரி, அவருக்கும் எல்லாம் தெரிந்துவிடவில்லை. திருவாரூர் மத்தியப் பல்கலைக்கழகத்தில் இளநிலை படிப்புக்கு க்யூட் என்கிற பொது நுழைவுத் தேர்வு எழுத வேண்டும், அதற்கு ப்ளஸ் டூ ரிசல்ட் வருவதற்கு வெகு முன்னாலேயே விண்ணப்பிக்க வேண்டும். அதை அந்தப் பள்ளியில் யாரும் சொல்லவில்லை. அந்தக் கோபம் எனக்கு இன்னும் இருக்கிறது. வெளிநாட்டுப் படிப்புக்குக் காசு கொடுத்து ஆள் வைத்துக்கொள்கிறவர்களையும் நான் குறை சொல்லமாட்டேன். கொடுக்கிற காசு நம்முடையது என்றால் கேள்வி கேட்கவாவது முடியும்.

இப்போது வீட்டில் வேறு சண்டை. செங்கிப்பட்டி அரசுப் பொறியியல் கல்லூரியை முதலில் போடு, தினம் வந்து போகலாம் என்கிறார் அத்தான். கோயம்புத்தூர் அரசு தொழில்நுட்பக் கல்லூரி ஜி.சி.டி.தான் முதலில், கிடைக்காவிட்டால் அடுத்தது என்கிறாள் அக்கா மகள். நான் அவள் பக்கம்.