யாரும் தொடாத வரிக்குத்தான் அதிகக் கவனம் வேண்டும்

ஒரு மென்பொருளின் டீஃபால்ட் மதிப்புகளை, அதாவது நாம் எதையும் மாற்றாவிட்டால் அது தானாக எடுத்துக்கொள்ளும் மதிப்புகளை, முடிவுசெய்து கையேட்டில் எழுதுகிறவருக்கு, அதை நிரலாக எழுதியவருக்குச் சமமான பொறுப்பு உண்டு. கும்பகோணம், பாபநாசம், மன்னார்குடி வட்டாரத்தில் அரிசி ஆலைக்கும் உரக்கடைக்கும் பால் சங்கத்துக்கும் மென்பொருள் நிறுவித் தருகிறவர்கள் பெரும்பாலும் தனி ஆட்கள். கையேட்டில் இருக்கும், அமைப்பு மதிப்புகள் அடங்கிய மாதிரிக் கோப்பை அப்படியே எடுத்துப் போடுவார்கள். ஓடத் தொடங்கியதும் அடுத்த ஊருக்குப் பஸ் ஏறிவிடுவார்கள். அவர்களை நான் குறை சொல்ல மாட்டேன். நூற்றுக்கணக்கான வரிகளையும் படித்துப் புரிந்துகொண்டு வா என்று கேட்பது நியாயமே இல்லை.

நேர மண்டலத்தைப் பாருங்கள். பல சர்வர்களில் யுடிசி என்ற உலகப் பொது நேரம்தான் டீஃபால்ட். நம் நேரம் அதற்கு ஐந்தரை மணி முன்னால் ஓடுகிறது; அதில் தேதி மாறும்போது நமக்குக் காலை 5.30. பால் சங்கத்திலோ விடியற்காலை 5 மணிக்கே கேன்கள் வந்துவிடும். 5.20-க்குப் பால் ஊற்றியவர் கணக்கில் நேற்றைய தேதி விழும், அவருக்குப் பின்னால் நின்று 5.35-க்கு ஊற்றியவருக்கு இன்றைய தேதி. பால் அட்டையில் ஒன்று, திரையில் வேறொன்று. பட்டுவாடா நாளில் செயலாளர் இரண்டையும் மாறி மாறிப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருப்பார். மாடு வைத்துப் பிழைக்கும் அம்மாள் தன் காசுக்காக எதிரே நின்றுகொண்டிருப்பார். நேரத்தை யுடிசியில் சேமிப்பது சரிதான், அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் ஒரு நாள் எங்கே தொடங்கி எங்கே முடிகிறது என்பதற்கு டீஃபால்ட்டே வைக்கக் கூடாது. நிறுவும்போது கேட்டே தீர வேண்டும்.

அலகு இன்னொரு தொல்லை. 'பரப்பு = 3' என்று மாதிரியில் இருக்கிறது. எதில் மூன்று? பட்டாவில் ஹெக்டேர், ஏர். பேச்சில் மா, குழி. மூன்று மா என்றால் சுமார் ஒரு ஏக்கர். மூன்று ஹெக்டேர் என்றால் ஏழு ஏக்கருக்கும் மேல். இதை வைத்து உர மூட்டை கணக்கிட்டால் என்ன ஆகும்? காத்திருப்பு நேரம் 30 என்று மட்டும் எழுதி, நொடியா மில்லிநொடியா என்று சொல்லாமல் விடும் கையேடுகளும் இதே ரகம்தான். போஸ்ட்கிரெஸ் என்ற தரவுத்தள மென்பொருளின் மாதிரிக் கோப்பில் எந்த அலகை எப்படி எழுதுவது என்று மேலேயே சொல்லியிருப்பார்கள். டீஃபால்ட் மதிப்புகள் முன்னால் # குறியோடு கண்ணெதிரே இருக்கும். எனக்கு மிகவும் பிடித்த கோப்பு அது.

டீஃபால்ட் என்பது மேட்டூர் அணை திறப்பு மாதிரி இருக்க வேண்டும். ஜூன் 12 என்பது டெல்டாவில் எல்லோருக்கும் தெரிந்த தேதி. குறுவைக்கான நாற்றங்கால் வேலையை அதை வைத்துத்தான் திட்டமிடுகிறோம். 2022-இல் மே 24-ஆம் தேதியே திறந்தார்கள்; அதை அறிவித்துவிட்டுச் செய்தார்கள். மென்பொருளில் அடுத்த பதிப்பில் டீஃபால்ட்டை மாற்றுகிறவர்களும் அதைக் கையேட்டின் முதல் பக்கத்திலேயே சொல்ல வேண்டும்.

தவறான டீஃபால்ட்டுக்கு உலகமே விலை கொடுத்திருக்கிறது. 2017 தொடக்கத்தில், கடவுச்சொல் இல்லாமல் இணையத்துக்குத் திறந்து கிடந்த ஆயிரக்கணக்கான மாங்கோடிபி தரவுத்தளங்களை இணையத் திருடர்கள் அழித்துவிட்டுப் பணம் கேட்டார்கள். அந்த ஆண்டு இறுதியில் வந்த 3.6 பதிப்பில்தான், சொந்தக் கணினியிலிருந்து வரும் இணைப்பை மட்டும் ஏற்பது எல்லா நிறுவலுக்கும் டீஃபால்ட் ஆனது. மைஎஸ்கியூஎல் என்ற இன்னொரு தரவுத்தள மென்பொருளின் 8.0 பதிப்பு வரும்வரை அதன் எழுத்துக் குறியாக்கம் டீஃபால்ட்டாக, தமிழ் எழுத்துக்கு இடமில்லாத லத்தீன்1. பழைய பதிப்புகளில் அதைக் கவனிக்காமல் விட்டால் கருப்பையாவின் பெயர் இருந்த இடத்தில் கேள்விக்குறிகள்தான் மிஞ்சும்.

கையேடு எழுதும் தம்பி தங்கைகளுக்குச் சொல்கிறேன். ஒவ்வொரு வரிக்கும் பக்கத்தில் அலகு எழுதுங்கள், ஏன் இந்த மதிப்பு, யார் மாற்ற வேண்டும் என்று ஒரு வாக்கியம் சேருங்கள். கடவுச்சொல் இடத்தில் 'அட்மின்' என்று போடாதீர்கள். வெறுமையாக விட்டு, நிரப்பாவிட்டால் மென்பொருள் கிளம்பாதபடி செய்யுங்கள். மாதிரி முகவரிக்கென்றே எக்ஸாம்பிள்.காம் என்ற பெயரை 1999-இலேயே ஒதுக்கி வைத்திருக்கிறார்கள். அதைப் போடுங்கள், உங்கள் வாடிக்கையாளரின் நிஜ முகவரியைப் போடாதீர்கள்.