லைட்டோலரின் மரப்படகு

சார்லஸ் லைட்டோலர் என்றாலே டைட்டானிக்தான் எல்லோருக்கும் நினைவுக்கு வருகிறது. அந்தக் கப்பலின் இரண்டாம் அதிகாரி, உயிர் தப்பிய அதிகாரிகளில் மூத்தவர். எனக்கோ அந்தப் பெயரைக் கேட்டதும் 58 அடி நீள மரப்படகு ஒன்று கண்முன் வந்து நிற்கும். சன்டவுனர். டைட்டானிக்கைப் பற்றி எழுதிக் குவித்ததில் நூறில் ஒரு பங்காவது இந்தப் படகுக்குக் கிடைத்திருக்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆதங்கம்.

பிரிட்டிஷ் கடற்படைக்காக 1912இல் கட்டிய படகு இது. டைட்டானிக் மூழ்கிய அதே வருஷம். முதலில் நீராவியில் ஓடியது. 1929இல் லைட்டோலர் அதை வாங்கி, இன்ஜின் பொருத்தி, குடும்பத்தோடு கடல் சுற்றும் படகாக மாற்றினார். பெயர் வைத்தது ஆஸ்திரேலியாக்காரரான மனைவி சில்வியா. அங்கே ஊர் ஊராய் அலையும் நாடோடியை அப்படித்தான் சொல்வார்கள். 1939 ஜூலையில், போர் மூளும் முன்பே, கடற்படை கேட்டுக்கொண்டதால் இந்தத் தம்பதி விடுமுறைக்கு வந்தவர்கள்போல இதே படகில் ஜெர்மன் கரையோரம் போய் வேவு பார்த்துத் திரும்பினார்கள்.

1940 மே கடைசியில் பிரான்சின் டன்கிர்க் கடற்கரையில், ஜெர்மானியர் சுற்றி வளைத்ததால், பிரிட்டிஷ், பிரெஞ்சுப் படைகள் சிக்கிக் கிடந்தன. பெரிய கப்பல்கள் போதாமல் தனியார் படகுகளையும் கடற்படை எடுத்துக்கொண்டது. சன்டவுனரையும் கேட்டார்கள். கொடுப்பதென்றால் நானே ஓட்டிப் போகிறேன் என்று சொல்லிவிட்டார் லைட்டோலர். அப்போது அவருக்கு வயது 66. ஜூன் 1 அன்று மூத்த மகன் ரோஜரும், 18 வயதுக் கடல் சாரணர் ஜெரால்ட் ஆஷ்கிராஃப்டும் உடன்வர இங்கிலாந்தின் ராம்ஸ்கேட் துறைமுகத்திலிருந்து கிளம்பினார். வழியில் தீப்பிடித்து எரிந்துகொண்டிருந்த வெஸ்டர்லி என்ற படகிலிருந்த ஐந்து பேரையும் ஏற்றிக்கொண்டார்.

வானில் ஜெர்மன் விமானங்கள். படகில் ஒரு துப்பாக்கிகூட இல்லை. விமானம் பாய்ந்து இறங்கும்வரை பொறுத்திருந்து, அது குறிவைத்த கடைசி நொடியில் சுக்கானை முழுக்கத் திருப்புவார். இந்த வித்தையை அவர் புரிந்துகொண்டது கடைசி மகன் பிரையனிடமிருந்து. பிரையன் குண்டுவீச்சு விமானி. பிரிட்டன் போரில் இறங்கிய இரண்டாம் நாளே, ஜெர்மன் துறைமுகமான வில்ஹெம்ஸ்ஹாவன் மீதான தாக்குதலில் இறந்துபோனார். இறந்த பிள்ளை எப்போதோ வீட்டில் பேசிக்கொண்டிருந்த பேச்சு, ஒன்பது மாதம் கழித்து அப்பாவின் படகைக் காப்பாற்றியது. இதை நினைக்கும்போதெல்லாம் எனக்குத் தொண்டை அடைக்கும்.

டன்கிர்க்கில் வூஸ்டர் என்ற நாசகாரிக் கப்பலை ஒட்டிப் படகை நிறுத்தி வீரர்களை ஏற்றினார்கள். அதற்குமுன் சன்டவுனரில் ஒரே சமயத்தில் 21 பேருக்கு மேல் போனதில்லை. கீழ்த்தளத்தில் 50 பேர் இறங்கிய பிறகும் ரோஜர் இடமிருக்கிறது என்றார். 75இல் கீழே நிறைந்தது. பிறகு மேல்தளம். கால்களுக்கடியில் படகு தள்ளாடத் தொடங்கியதை உணர்ந்த பிறகுதான் லைட்டோலர் போதும் என்றார். தங்களையும் சேர்த்து அவர் எண்ணிய கணக்கு 130 பேர்.

இந்த இடத்தில் 1912ஐ நினைக்காமல் இருக்க என்னால் முடியவில்லை. டைட்டானிக்கில் 65 பேர் ஏறக்கூடிய 6ஆம் எண் உயிர்காப்புப் படகு 30 பேர்கூட இல்லாமல் இறங்கியது. இறக்கிய பக்கத்துக்குப் பொறுப்பு லைட்டோலர். படகோட்டத் தேவையானவர்களைத் தவிர ஆண்களை அவர் ஏற்றவில்லை. நிறைய ஆட்களோடு தொங்கவிட்டால் படகு தாங்காது என்றும் பயந்தார். விசாரணையில் அதை அவரே சொன்னார். அந்தக் காலி இடங்களுக்காக அவரைக் குறை சொல்வது நியாயம்தான், நானும் சொல்வேன். ஆனால் அந்தக் குறையைச் சொல்லுகிறவர்கள், 28 வருஷம் கழித்து அதே மனிதர் மரப்பலகை தாங்கும் கடைசி எல்லைவரை ஆளேற்றியதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். பாதிக் கதையை வைத்து ஒருவரை எடைபோடுவது எனக்கு ஒப்பவில்லை.

ரோஜரும் தப்பவில்லை. 1945 மார்ச்சில், போர் முடியப்போகும் நேரத்தில், பிரான்சின் கிரான்வில்லில் இறந்தார். லைட்டோலர் 1952 டிசம்பரில், லண்டனை நச்சுப்புகை மூடியிருந்த நாட்களில் போய்ச் சேர்ந்தார். படகு மட்டும் பிழைத்து, ராம்ஸ்கேட் கடல்சார் அருங்காட்சியகத்தின் கைக்கு வந்தது.

டன்கிர்க்கிலிருந்து திரும்பிய அன்றிரவு அதே ராம்ஸ்கேட்டில் வீரர்கள் இறங்கத் தொடங்கியதும் எடை ஒருபக்கம் சாய்ந்து படகு கவிழப் பார்த்தது. எல்லோரும் படுங்கள், அசையாதீர்கள் என்று லைட்டோலர் கத்த வேண்டியிருந்தது. கீழ்த்தளத்திலிருந்து வரிசை வரிசையாக ஆட்கள் வெளியே வந்துகொண்டே இருந்தார்கள். கரையில் கணக்கெடுத்துக்கொண்டிருந்த கடற்படைக்காரர் திகைத்துப்போய் கேட்டாராம், இத்தனை பேரையும் எங்கேதான் வைத்திருந்தீர்கள் என்று.